அகாமா என்றால் ஆகமமா?

பிள்ளையை முதலாம் வகுப்பில் சேர்க்கப் பாரம் எழுதுகிறீர்கள். பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் ஆயிற்று. அடுத்த வரியில் ‘அகாமா’ என்றிருக்கிறது. நம் சமயத்தை எழுதிவிட்டுக் கீழே போய்விடுகிறோம். அந்தச் சொல் நம் கோயிலிலும் புழங்குகிற சொல் என்று எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்?

நாம் ஆகமம் என்பதும் மலாய்க்காரர் அகாமா என்பதும் ஒன்றே. வடமொழியில் அதற்கு ‘வந்தது’ என்று பொருள். முன்னோர் வழியாக வந்து சேர்ந்தது. நம் நெகிரி செம்பிலானின் ‘நெகிரி’யும் இப்படித்தான், ‘நகரி’ என்ற சொல்லிலிருந்து வந்தது.

தமிழில் ஆகமம் குறுகிய பொருளுடையது. சைவர்களுக்கு ஆகமங்கள் 28. கோயிலை எப்படிக் கட்டுவது, பூசையை யார் செய்வது, விழாவை எப்படி நடத்துவது என்று வகுப்பவை அவை. ஆனால் தோட்டத்துக் கோயில்கள் இந்த நூல்களைப் பார்த்து எழுந்தவை அல்லவே! லாபுவானாலும் லிங்கியானாலும் பகாவானாலும், வந்தவர்கள் மரத்தடியில் கல்லை நட்டு, சூலத்தை ஊன்றி, முனியாண்டி என்று கும்பிட்டார்கள். தகரக் கொட்டகை போட்டு மாரியம்மனை வைத்தார்கள். பூசாரியும் அவர்களில் ஒருவர்தான். விடியற்காலையில் பெரட்டுக்குப் போவார், பால்மரம் வெட்டுவார், மாலையில் குளித்துவிட்டுக் கற்பூரம் காட்டுவார்.

பின்னாளில் பல கோயில்களுக்குக் குருக்கள் வந்தார். கோபுரம் எழும்பிக் கும்பாபிஷேகம் நடந்தது. கிடா வெட்டு நின்றது, அல்லது வேலிக்கு வெளியே போயிற்று. “இப்போது ஆகமக் கோயிலாகிவிட்டது” என்று சொல்லிக்கொள்கிறோம். பெருமைதான், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அதைக் கேட்கும் பாட்டிக்கு, இத்தனை காலம் நாம் கும்பிட்டது குறைந்த சாமியோ என்று மனம் நெருடாதா?

கிறிஸ்தவ வீட்டில் இதே சொல்லுக்கு வேறு பொருள். ஆதியாகமம், யாத்திராகமம், லேவியராகமம், எண்ணாகமம், உபாகமம் என்று மோசேயின் ஐந்து நூல்களுக்கும் ஆகமம் என்றே பெயர். அங்கே அது கோயில் விதியன்று, வேதப் புத்தகம். சீனப் பௌத்தர்களுக்கும் புத்தரின் உபதேசத் தொகுப்புகள் ஆகமங்களே. சிங்களத்தில் ‘ஆகம’ என்றால் சமயம். தமிழ் முஸ்லிம்களோ சமயத்தை ‘மார்க்கம்’ என்பார்கள்.

மலாயில் வரும்போதுதான் சொல் நன்றாக அகலுகிறது. கோலபெராங் அருகே கண்டெடுத்த திரங்கானு கல்வெட்டில், ஜாவி எழுத்தில், ‘அகாமா இஸ்லாம்’ என்ற தொடர் உண்டு. அந்தக் கல்வெட்டின் ஆண்டு 1303 என்று பொதுவாகக் கொள்கிறார்கள். மலாக்கா அரசு தோன்றுவதற்கு முன்பே நம் ஆகமம் இஸ்லாத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது, பாருங்கள்! ‘உகாமா’ என்று எழுதியதும் உண்டு. புருணையில் இன்னும் அப்படித்தான். அகாமா இந்து, அகாமா புத்தா, அகாமா கிறிஸ்தியான் என்று எல்லாருக்கும் அதில் இடமிருக்கிறது. ஆனால் பேச்சு வழக்கில் ‘செகோலா அகாமா’, ‘பெஜாபாட் அகாமா’ என்றால் இஸ்லாமியப் பள்ளி, இஸ்லாமிய அலுவலகம் என்றே பொருள். அங்கே சொல் மறுபடியும் குறுகிவிடுகிறது.

ஆகவே பாரம் கேட்பது, உங்கள் கோயிலில் குருக்கள் இருக்கிறாரா, கோபுரம் இருக்கிறதா என்பதையன்று. உங்கள் சமயம் என்ன என்பதைத்தான். முனியாண்டியைக் கும்பிடுகிறவரும் ‘இந்து’ என்று தயங்காமல் எழுதலாம். பாட்டிக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

அந்த வரியை வெறுமையாக விடாதீர்கள். வேறொருவரை எழுதச் சொன்னால், எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ஆவணத்தில் சமயம் ஒன்று, வாழ்க்கையில் சமயம் ஒன்று என்றாகி, நீதிமன்றம் வரை போனவர்கள் இந்நாட்டில் உண்டு. திருமணப் பதிவிலும் இறந்தவரின் அடக்கத்திலும் அந்த ஒரு சொல் குறுக்கே நிற்கும். பிறப்புப் பத்திரம் கைக்கு வந்ததும் கவுண்டரை விட்டு நகராமல், தாய் தந்தை இருவருக்கும் ‘அகாமா’ என்ற இடத்தில் என்ன அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருந்தால் மூத்த பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். அவனுக்கு நம்மைவிட மலாய் நன்றாக வரும்.