அப்பளம், அரிவாள்மணை, கிதார் கழுத்து

2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் எங்கள் ஊர் ஏரலுக்குள் வந்தபோது எங்கள் வீட்டுப் பின்கட்டு சரிந்தது. பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டிய சமயம். தண்ணீர் வடிந்த பிறகு சேற்றிலிருந்து முழுசாக மீண்டது தேக்கு நிலை ஒன்றுதான். நாலு அங்குலத்துக்கு மூன்று அங்குலச் சட்டம். விறகுக்குக் கேட்டார்கள், கொடுக்கவில்லை. எலெக்ட்ரிக் கிதாரின் கழுத்தை வீட்டிலேயே செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்குப் பல வருடமாக உண்டு. அந்தச் சட்டத்தைத் தட்டிப் பார்த்த அன்றே முடிவாகிவிட்டது.

செய்து முடிக்க ஒன்றரை வருடம் ஆனது. ரம்பம், உளி என்று கை வைத்த நாள்கள் இருபதுக்கு மேல் இராது. மிச்சமெல்லாம் மரம் காயக் காத்திருந்த நாள்கள்.

புதிதாக இட்ட அப்பளத்தை ஒரே பக்கமாக வெயிலில் போட்டால் படகு மாதிரி குவியும். மேல்பக்கம் ஈரத்தை விட்டுச் சுருங்கிவிடுகிறது, அடிப்பக்கம் இன்னும் ஈரமாகவே இருக்கிறது, சுருங்கிய பக்கம் மற்றதைத் தன்னோடு இழுக்கிறது. மரமும் அப்படித்தான். முதலில் அறுத்த பலகையைச் சுவரில் சாய்த்து வெயில் காட்டியபோது ஆச்சி பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ரெண்டு பக்கமும் காத்து படணும்ல. இப்படிப் போட்டா சுருளத்தான் செய்யும்." எடுத்து நிழலில் இரண்டு குச்சிகளின் மேல் கிடத்தினேன். 25 மில்லிமீட்டர் கனத்துக்கு அறுத்து, ஆறு மாதம் விட்டு, வளைந்ததைச் சீவி, மறுபடி விட்டு, மறுபடி சீவினேன். ஆடிக் காற்றும் ஐப்பசி மழையும் ஒருமுறை கடந்த பலகையைத்தான் இந்த ஊரில் நம்பலாம்.

அறுக்கும் திசையும் முக்கியம். மரத்தின் வளையங்கள் வெங்காயத்தின் தோல்கள் போல ஒன்றுக்குள் ஒன்று இருக்கின்றன. நடுவைத் தொட்டு அறுத்த பலகையில் அந்தக் கோடுகள் நட்டுக்குத்தலாக நிற்கும், ஓரத்தில் அறுத்ததில் படுத்திருக்கும். படுத்த பலகை அதிகம் கோணும்.

இவ்வளவு பயம் ஏன் என்றால், கழுத்தை இரண்டு பேர் எந்நேரமும் இழுக்கிறார்கள். ஒன்று, வானிலை. மற்றது, கம்பிகள். பத்து நம்பர் கம்பி செட் போட்டுச் சுருதி கூட்டினால் ஆறு கம்பியும் சேர்ந்து 46 கிலோ அளவுக்கு இழுக்கும். இரண்டு அரிசிச் சிப்பத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. அதைத் தாங்கும் கழுத்தின் கனம், முதல் ஃப்ரெட்டுக்கு, அதாவது முதல் உலோக மெட்டுக்குப் பின்னால் அளந்தால், 21 மில்லிமீட்டர். வெறும் மரம் என்றால் மாதக்கணக்கில் மெல்ல முன்னால் வளைந்துவிடும்.

ஆச்சி இடுப்பில் குடம் எடுத்து வருவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கான மருந்து புரியும். குடம் வலது இடுப்பில் இருந்தால் உடம்பு இடப்பக்கம் சாய்ந்துகொள்ளும். தண்ணீர் கூடினால் சாய்வும் கூடும். இரண்டு பாரமும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் நடை நேராக இருக்கிறது. கழுத்துக்குள் புதைக்கும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி செய்வது அந்த எதிர்ச்சாய்வைத்தான். கம்பிகள் முன்னால் இழுக்க, இது பின்னால் தள்ளுகிறது. நுனியில் ஒரு திருகு. ஆலன் சாவியால் எவ்வளவு சாய வேண்டும் என்று சொல்லலாம். கிப்சன் நிறுவனத்தில் வேலை பார்த்த தாடியஸ் மெக்ஹியூ இதற்கு 1923-இல் காப்புரிமை பெற்றார். ஃபெண்டர் நிறுவனம் 1950-இல் செய்த முதல் கிதார்கள் சிலவற்றில் இந்தக் கம்பி கிடையாது. கழுத்து வளைகிறது என்று தெரிந்த பிறகு அவர்களும் சேர்த்துக்கொண்டார்கள். வீட்டில் செய்பவர் இதைத் தவிர்க்கக் கூடாது. இரண்டு பக்கமும் திரும்பும் ராடை விலைக்கு வாங்கி, அது அசையாமல் உட்காரும் அளவுக்கு நேரான பள்ளம் வெட்டினால் போதும்.

ராடை மூடும் விரல்பலகைக்கு உடைந்த பழைய கட்டிலின் ஈட்டிமரச் சட்டம் கிடைத்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்த மரத்தை உலகமெங்கும் கிதார் செய்பவர்கள் தேடுகிறார்கள். 2017-இல் ஈட்டி சேர்ந்த பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. பழைய சாமானில் கிடைப்பதை எடுப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு, பசை எளிதில் பிடிக்காது. ஒட்டும் முகத்தைத் தின்னரால் துடைத்துவிட்டு உடனே ஒட்ட வேண்டும்.

இனி ஃப்ரெட் கணக்கு. எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

பந்தியில் சாம்பார் ஊற்றுகிறவர், வாளியில் இருப்பதில் பதினெட்டில் ஒரு பங்கை ஒவ்வோர் இலைக்கும் ஊற்றுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாளி குறையக் குறைய கையும் சிக்கனமாகும். முதல் இலையைவிட இரண்டாம் இலைக்குக் கொஞ்சம் குறைவு, அதைவிட மூன்றாவதுக்குக் குறைவு. பன்னிரண்டு இலை முடியும்போது வாளி ஏறக்குறையப் பாதி. கிதாரில் வாளி என்பது கம்பியின் நீளம், ஃபெண்டர் அளவில் 648 மில்லிமீட்டர். பாதிக்கு வரும்போது அதே சுரம் மேல் ஸ்தாயியில் கேட்கும். வானியலாளர் கலிலியோவின் அப்பா வின்சென்சோ கலிலேயி ஒரு லூட் வாத்தியக்காரர். 1581-இல் இந்தப் பதினெட்டில் ஒரு பங்கு முறையைத்தான் எழுதிவைத்தார். அந்தக் கணக்கில் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் கம்பி 324 மிஞ்சுவதற்குப் பதில் 326.4 மிஞ்சும். சரியாகப் பாதியில் நிற்க வேண்டுமென்றால் 18-க்குப் பதில் 17.817-ஆல் வகுக்க வேண்டும். முதல் இடைவெளி 36.4 மில்லிமீட்டர், இரண்டாவது 34.3, பன்னிரண்டாவது 19.3, இருபத்திரண்டாவது 10.8.

சம அளவான சுருதிக் கணக்கில் நம் மண்ணுக்கும் பங்குண்டு. தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில் 1859-இல் பிறந்த ஆபிரகாம் பண்டிதர், தஞ்சாவூரில் சித்த மருத்துவம் பார்த்துக்கொண்டே, 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்டார். ஸ்தாயியைச் சமமாகப் பன்னிரண்டாகவும் இருபத்துநான்காகவும் பகுத்து, தந்தியில் எந்தச் சுரம் எங்கே பிறக்கும் என்று அதில் கணக்கிட்டுக் காட்டினார். இருபத்திரண்டு சுருதி என்றவர்களோடு 1916-இல் பரோடா இசை மாநாடு வரை போய் வாதாடியவர். என் பலகையில் பென்சில் கோடு போட்டபோது அவர் நினைவு வந்துகொண்டே இருந்தது.

இந்தச் சமப் பங்கீட்டுக்கு ஒரு விலை உண்டு. பஞ்சமம் இயற்கையாகப் பிறக்கும் இடத்தில் கம்பி 432 மில்லிமீட்டர் மிஞ்ச வேண்டும். ஏழாம் ஃப்ரெட்டில் 432.5 மிஞ்சுகிறது. அரை மில்லிமீட்டர் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தரகாந்தாரத்துக்கு 518.4 மிஞ்ச வேண்டும், நான்காம் ஃப்ரெட் தருவது 514.3. தம்புராவோடு கேட்டுப் பழகிய காதுக்கு அது ஓர் இழை தூக்கலாகவே இருக்கும். வீணையில் மெட்டுகள் தேன்மெழுகில் உட்கார்ந்திருக்கின்றன. இறுகாத கருப்பட்டிப் பாகு போலச் சூட்டில் இளகும் மெழுகில், மேளம் கட்டுகிறவர், அதாவது மெட்டுகளைப் பொருத்துகிறவர், காதால் கேட்டுக் கேட்டு மெட்டை நகர்த்தலாம். கிதாரில் ரம்பம் போட்ட இடம் போட்டதுதான். அதனால் ஒவ்வொரு கோட்டையும் மேல்நுனியிலிருந்தே அளக்க வேண்டும். முந்தைய கோட்டிலிருந்து அளந்தால் ஒவ்வொரு பிசகும் அடுத்ததன் தலையில் ஏறும்.

ஃப்ரெட் கம்பி, சந்தனக் கிண்ணம் செய்கிற ஜெர்மன் சில்வர் வகைதான். செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்தது, வெள்ளி துளியும் இல்லை. அதன் அடியில் முள்முள்ளான நாக்கு ஒன்று உண்டு. அரிவாள்மணையின் நாக்கை மணைக்கட்டையில் இறக்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். துளை பெரிதென்றால் அரிவாள் ஆடும், சிறிதென்றால் கட்டை பிளக்கும். என் முதல் கழுத்தைக் கெடுத்தது இந்த இடத்தில்தான். வெட்டு மிகவும் குறுகல்; அடித்து இறக்கிய இருபத்திரண்டு நாக்குகளும் இருபத்திரண்டு ஆப்புகளாகி, விரல்பலகையை விரித்து, கம்பி மாட்டும் முன்பே கழுத்தைப் பின்னால் வளைத்துவிட்டன. பிறகு கழிவுத் துண்டுகளில் பத்து வெட்டு போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கழுத்தைத் தொட்டேன்.

பின்புறத்தைச் செதுக்குவது வாழைக்காய் சீவுவது மாதிரி. உருட்டிச் சீவ முயன்றால் மேடு பள்ளமாகும். முதலில் மூலைகளைப் பட்டையாக எடுத்து, பட்டைகளுக்கு நடுவில் நிற்கும் விளிம்புகளை மறுபடி பட்டையாக்கி, அவை கைக்குத் தட்டுப்படாமல் போகும்வரை தொடர வேண்டும். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பதே சரியான அளவு.

கம்பி மாட்டியதும் கழுத்து மட்டக்கோல் போல நேராக இருக்கக் கூடாது என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். நல்ல இரும்புத் தோசைக்கல் நடுவில் கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தோடுதான் இருக்கும். எண்ணெய் அங்கேதான் ஒதுங்கும். கழுத்துக்கும் அப்படியொரு பள்ளம் வேண்டும். கம்பி அதிரும்போது நடுப்பகுதி அகலமாக ஆடுகிறது, அந்த ஆட்டத்துக்கு இடம் வேண்டும். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்தால், எட்டாம் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் கால் மில்லிமீட்டர், அதாவது இரண்டு வெள்ளைத்தாள் தாராளமாக நுழையும் சந்து தெரிய வேண்டும்.

இந்த ஐப்பசியில் நாலு நாள் விடாமல் மழை. ஐந்தாம் நாள் அளந்தேன், மூன்று தாள் நுழைந்தது. அடுப்படி ஆணியில் தொங்கும் சாவியை எடுத்துக் கால் சுற்று இறுக்கிவிட்டு, மறுநாள் காலை திரும்ப அளக்கலாம் என்று வைத்துவிட்டேன்.