வயலிற் சமையலும் விறகுத் தீயும்

நிலாவெளிப் பகுதிக் கமக்காரர் வயற்காவல், களைபிடுங்கல், அறுவடை ஆகிய நாட்களில் வயலோரத்திலேயே சோறும் கறியும் ஆக்கிக்கொள்ளுதல் வழக்கமாகும். 2022ஆம் ஆண்டில் எரிவாயுத் தட்டுப்பாடு ஏற்பட்டபொழுது நாடெங்கும் பல குடும்பங்கள் வீட்டிலும் விறகடுப்பிற்குத் திரும்பின. விறகுத் தீயை முறைப்படி மூட்டினால் விறகு மிஞ்சும். கண்ணும் மார்பும் நலம் பெறும். பல மாத உழைப்பின் பயனாகிய நெல்லும் காப்பாற்றப்படும்.

1. இடம்

சிறுபோக அறுவடைக் காலத்தில் தென்மேற்கிலிருந்து சோளகம் வலிந்து வீசும். அப்பொழுது வைக்கோலும் வரப்புப் புல்லும் நன்கு காய்ந்திருக்கும். ஒரு பொறியே போதும். ஆதலால் அடுப்பை நெற்சூட்டிற்கு வடகிழக்கே, குறைந்தது 30 அடிக்கு அப்பால் அமைத்தல் வேண்டும். அடுப்பைச் சுற்றி 6 அடி அகலத்திற்கு வெறுந்தரை தெரியுமாறு புல்லையும் சருகையும் செதுக்கி அகற்றுக. கடற்கரையோரத்திற் சில நாட்களிற் பிற்பகலிற் கடற்காற்று எழுந்து திசை மாறும். ஆகவே சமையலைக் காலையிலேயே முடித்தல் நன்று. தீ மூட்டுமுன் ஒரு வாளி நீரை அருகில் வைத்துக்கொள்க.

2. அடுப்பு

மூன்று கல் அடுப்பிற் காற்றடிக்கும்பொழுது, எரியும் வெப்பத்திற் பத்திலொரு பங்களவே பானையைச் சேரும், ஏனையது வீணாகும். முழங்கால் ஆழமின்றி ஒரு சாண் ஆழத்திற் குழி தோண்டி, காற்று வரும் பக்கத்தில் மண் அணை எழுப்பினால் விறகு மிச்சமாகும். காற்றுப் புகுவதற்குச் சிறு வாய் விடுதல் அவசியம். வீட்டுச் சமையலுக்கு, 1980களில் இலங்கையில் உருவாக்கப்பட்ட ‘அனகி’ என்னும் மண்ணடுப்புச் சிறந்தது.

3. விறகு

பச்சை விறகின் எடையில் ஏறக்குறைய அரைப்பங்கு நீராகும். அந்நீரை ஆவியாக்குவதிலேயே வெப்பம் செலவாகிறது, புகையும் பெருகுகிறது. எனவே விறகைப் பிளந்து, மழைபடாமல் அடுக்கி, சில மாதங்கள் உலரவிடுக. தென்னம்பாளையும் பனைமட்டையும் தீமூட்ட உதவும். சிரட்டை நல்ல தணல் தரும். வேலியிற் கிளிசிரிடியா நட்டால் விறகும் கிடைக்கும், இலை பசளையுமாகும்.

களப்போரத்துத் தில்லை மரத்தை ஒருபோதும் எரித்தலாகாது. அதன் பால் கண்ணிற் பட்டாற் பார்வையைக் கெடுக்கும். புகையும் கண்ணைத் தாக்கும். அலரிக் கொம்பும் நஞ்சுடையது; அதை அடுப்பிலிடுவதோ அகப்பையாகப் பயன்படுத்துவதோ கூடாது. யூரியாப் பை, பொலித்தீன், பூச்சிகொல்லிப் போத்தல் ஆகியவற்றின் புகை நஞ்சாகும். மருந்து தெளித்தவர் சவர்க்காரமிட்டுக் கை கழுவிய பின்னரே சமையலிற் கை வைத்தல் வேண்டும். மண்ணெண்ணெயை எரியும் தீயில் ஊற்றுதல் உயிருக்கு ஆபத்து.

4. தீயணைத்தல்

தணலை மணலால் மூடிவிட்டுச் செல்லுதல் பெருந்தவறு. மணலின் கீழே தணல் பல மணி நேரம் சூடு தணியாதிருக்கும். வெறுங்காலுடன் வரும் பிள்ளைகள் அதனை அறியாது மிதிப்பர். நீர் ஊற்றி, கிளறி, மறுபடியும் நீர் ஊற்றுக. புறங்கையை அருகிற் பிடித்துச் சூடு இல்லையென உறுதிசெய்த பின்னரே இடத்தை விட்டகலுக. தீப்புண் ஏற்படின் தூய குளிர்ந்த நீரை 20 நிமிடம் அதன்மேல் ஓடவிட்டு, வைத்தியசாலைக்குச் செல்க. பற்பசை, எண்ணெய் முதலியன பூசவேண்டாம்.

5. சாம்பல்

வீட்டடுப்பின் உலர்ந்த சாம்பலிற் பொட்டாசும் சுண்ணாம்பும் உண்டு, தழைச்சத்து இல்லை. மழையிற் கிடந்தாற் பொட்டாசு கரைந்துபோம்; ஆகவே மூடிவைக்கவும். கத்தரி, மிளகாய், வெங்காயம் பயிரிடும் மணற்றரைக்கு அளவுடன் தூவி மண்ணிற் கலக்குக. யூரியாவுடன் சேர்த்து இடின் தழைச்சத்து வாயுவாகி வீணாகும். இரண்டையும் வெவ்வேறு நாட்களில் இடுக. கடலில் மிதந்து வந்த மரத்தின் சாம்பல் உப்புடையதாதலாற் பயிருக்கு ஆகாது.

அடுப்பு மூட்டுபவரே அதனை அணைப்பதற்கும் பொறுப்பாளர். இவ்வொரு விதியைக் களத்திலுள்ள யாவரும் கைக்கொண்டால் விளைச்சல் பாதுகாப்பாக வீடு வந்து சேரும்.