காளான் குடிலுக்கு அலாரம்: எல்லையை எங்கே வைப்பது?

உத்திரமேரூர் வட்டாரம் ஏரிப்பாசன நெல் பூமி. அறுவடை முடிந்தால் வைக்கோலுக்குக் குறைவில்லை. அந்த வைக்கோலைக் கொண்டே கூரைக் குடிலில் சிப்பிக் காளான் வளர்க்கலாம். ஆனால் வெப்பமும் ஈரப்பதமும் ஒரு நண்பகல் தவறினால் பல நாள் உழைப்பு வீணாகிவிடும்.

வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளந்து, அளவு தவறும்போது மணி அடிக்கும் சிறு மின்னணுக் கருவிகள் இப்போது கிடைக்கின்றன. வாங்கி மாட்டினால் மட்டும் போதாது. எந்த அளவில் மணி அடிக்க வேண்டும் என்பதை விவசாயியே குறித்துக் கொடுக்க வேண்டும். எல்லையை நெருக்கி வைத்தால் மணி ஓயாமல் அடிக்கும். வீட்டார் சலித்துப்போய் ஒயரைப் பிடுங்கி விடுவார்கள். தளர்த்தி வைத்தால் படுக்கை கெட்ட பிறகுதான் அடிக்கும். இரண்டிலும் நஷ்டமே.

இரண்டு அறை, இரண்டு கணக்கு

வித்து பரவும் அறைக்கும், காளான் பூக்கும் அறைக்கும் ஒரே அளவு ஒத்துவராது. கருவியில் ஒவ்வோர் அறைக்கும் தனித்தனி அமைப்பைப் பதிவு செய்ய வேண்டும்.

வித்து பரவும் அறையில் 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றது. பூசணம் வளரும்போது படுக்கைக்குள் வெப்பம், அறையின் வெப்பத்தைவிடச் சில டிகிரி கூடுதலாக இருக்கும். ஆகவே அறை 31 டிகிரியைத் தொட்டதுமே முதல் மணி அடிக்க வேண்டும். கூரையையும் சாக்குப் படுதாவையும் நனைக்க அப்போது அவகாசம் கிடைக்கும். இரண்டாவது மணிக்கு வசதி இருந்தால் 33 டிகிரியில் வைக்கலாம். படுக்கை பாலிதீன் பைக்குள் இருப்பதால், இந்த அறையில் ஈரப்பத மணி அவ்வளவு முக்கியமல்ல.

பூக்கும் அறையில் ஈரப்பதமே பிரதானம். 85 சதவீதம் இருப்பது நல்லது. மொட்டு கிளம்பும் சமயத்தில் காற்று வறண்டால் மொட்டுகள் கருகிவிடும். 80 சதவீதத்தில் மணி அடிக்கவும், தண்ணீர் தெளித்து 83 வந்த பிறகே ஓயவும் வைக்க வேண்டும். அடிக்கும் அளவும் ஓயும் அளவும் ஒன்றாக இருந்தால் மணி விட்டுவிட்டு அடித்துத் தொல்லை தரும். வெப்பம் 23 முதல் 25 டிகிரி மிக ஏற்றது. மேல் எல்லையை 28-ல் வைக்கலாம். கீழ் எல்லை 18 போதும்.

காளான் பறிக்கக் கதவைத் திறந்தால் அளவு சற்று மாறும். அதற்கெல்லாம் மணி அடிக்காதிருக்க, 10 நிமிடத் தாமதம் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் தாமதம் ஆபத்து.

கோடையில் என்ன செய்வது?

சித்திரை, வைகாசியில் வெளியே வெயில் 40 டிகிரியை ஒட்டிப் போகும்போது, கூரைக் குடிலை 25 டிகிரியில் வைத்திருப்பது கடினம். மணி எச்சரிக்கை தரும், அறையைக் குளிர்விக்காது. எல்லையை உயர்த்தி மணியை அடக்குவதும் சிப்பிக் காளானைக் காப்பாற்றாது. பயிரை மாற்றுவதே வழி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-ல் வெளியிட்ட ஏ.பி.கே. 2 என்னும் பால் காளான், 30 முதல் 35 டிகிரி வெப்பத்தில் நன்கு வளரும். படுக்கையின் மேல் மண் பரப்பிவிட வேண்டும் என்பதே இதில் கூடுதல் வேலை.

பால் காளானுக்கு மாறும்போது கருவியிலும் அமைப்பை மாற்ற வேண்டும். மேல் எல்லை 37, கீழ் எல்லை 26. சிப்பிக்கு மேல் எல்லை முக்கியம். பாலுக்கு மழை நாட்களிலும் பின்பனியிலும் கீழ் எல்லையும் முக்கியம். ஈரப்பத எல்லையை மாற்றத் தேவையில்லை.

உப்பைக் கொண்டு சோதனை

ஈரப்பதம் அளக்கும் உணர்கருவி நாளடைவில் தவறு காட்டும். வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு சிறு மூடியில் சமையல் தூள் உப்பை எடுத்து, கரைந்துவிடாமல் ஈர மணல் பதத்திற்குத் தண்ணீர் விடவும். அதையும் உணர்கருவியையும் காற்றுப் புகாத டப்பாவில் ஒன்றையொன்று தொடாமல் வைத்து மூடி, நிழலில் 8 மணி நேரம் விடவும். அளவு 75 சதவீதம் காட்ட வேண்டும். 70 காட்டினால் கருவி 5 குறைத்துச் சொல்கிறது என்று பொருள். அப்போது 80-ல் அடிக்க வேண்டிய மணியை 75-ல் வைத்தால் கணக்கு சரியாகிவிடும்.

மாட்டும் இடம்

உணர்கருவியைப் படுக்கைகளின் மட்டத்தில் தொங்கவிட வேண்டும். கூரைக்கு அடியிலோ, கதவுக்கு எதிரிலோ, தெளிப்பு நேராக விழும் இடத்திலோ வேண்டாம். தண்ணீர் பட்டால் குடில் காய்ந்திருக்கும்போதும் அது நிறைவான ஈரம் காட்டி ஏமாற்றும். மணி குடிலில் அல்ல, ஆள் இருக்கும் இடத்தில் கேட்க வேண்டும். மின்சாரம் நின்றாலும் வேலை செய்ய பாட்டரி அவசியம். வாரம் ஒரு முறை வேண்டுமென்றே மணியை அடிக்க வைத்துப் பார்ப்பது நல்லது.

முதல் பத்து நாள் காலை, நண்பகல், இரவு அளவுகளை நோட்டில் குறித்து வந்தால், தம் குடிலின் போக்கு பிடிபடும். அதன்பின் எல்லையை ஓரிரு டிகிரி திருத்திக்கொள்ளலாம். காளான் வளர்ப்பு பற்றிய சந்தேகங்களுக்குக் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தை விவசாயிகள் அணுகலாம்.