சூட்டை எங்கே கொட்டுவது?

1966 ஜூன் 5. ஜெமினி 9ஏ விண்கலத்தின் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார் யூஜின் செர்னான். கலத்தின் பின்பக்கம் போய், அங்கே பொருத்தியிருந்த உந்துகருவியை முதுகில் பூட்டிக்கொண்டு பறந்து பார்ப்பது திட்டம். அந்தக் கருவி சூடான வாயுவைப் பீய்ச்சும் என்பதால், அவருடைய உடையின் கால் பகுதிக்கு உலோக இழையால் நெய்த கூடுதல் உறை போட்டிருந்தார்கள். வெளியிலிருந்து வரும் சூட்டுக்கு ஏற்பாடு பலமாகவே இருந்தது. உள்ளிருந்து வரும் சூட்டைத்தான் குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள்.

காற்றடைத்த உடை விறைத்து நின்றது. கையை மடக்குவதே பெரும்பாடு. பிடித்துக்கொள்ளப் போதிய கைப்பிடிகளும் இல்லை. இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 180 வரை ஏறியது. உடைக்குள் ஓடிய ஆக்சிஜனால் அத்தனை வியர்வையையும் உலர்த்த முடியவில்லை. ஈரம் முகக்கண்ணாடியில் படிந்து பார்வையை மறைத்தது. மூக்கால் கண்ணாடியைத் தேய்த்து, கிடைத்த சிறு துளி இடத்தின் வழியே பார்த்தபடி திரும்பினார் செர்னான். உந்துகருவிச் சோதனை கைவிடப்பட்டது.

விண்வெளியில் உறைகுளிர்தானே, அங்கே எப்படி ஒருவருக்கு வேர்த்துக் கொட்டும் என்று தோன்றலாம். குளிர் என்பது சூட்டை யாராவது எடுத்துப்போனால்தான் உறைக்கும். காற்றில்லாத வெளியில் எடுத்துப்போக ஆள் இல்லை. மனித உடலோ ஓயாமல் எரியும் அடுப்பு: சும்மா உட்கார்ந்திருந்தாலே சுமார் 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது; கடுமையாக உழைத்தால் அது 400, 500 வாட் வரை போகும். அதை வெளியேற்ற வழியில்லாமல் மூடிக்கட்டினால், 37 டிகிரியில் நிற்கவேண்டிய உடம்பு சில டிகிரி ஏறியதுமே மூளை தடுமாறத் தொடங்கும்.

ஆகவே குளிரூட்டும் உடையைக் கண்டுபிடிப்பவர் குளிரை உண்டாக்கினால் மட்டும் போதாது. உடலின் சூட்டை எடுத்து வேறெங்கோ கொண்டுபோய்க் கொட்ட இடம் தேடவேண்டும். கடந்த அறுபது ஆண்டுகளில் வந்த இவ்வகை உடைகள் ஒவ்வொன்றும் இந்தக் கேள்விக்கு ஒரு விடை.

விண்வெளி வீரர்களுக்குக் கிடைத்த விடை தண்ணீர். ஒரே கன அளவில் எடுத்துக்கொண்டால், காற்றைவிடச் சுமார் 3,500 மடங்கு அதிக வெப்பத்தைத் தண்ணீர் சுமக்கும். பிரிட்டனில் ஃபார்ன்பரோவில் இருந்த அரசு விமான ஆய்வு நிறுவனத்தில் 1960-களின் தொடக்கத்திலேயே, மெல்லிய குழாய்களில் தண்ணீர் ஓடும் உள்ளாடையை விமானிகளுக்காகச் செய்து பார்த்திருந்தார்கள். அப்போலோ திட்டத்துக்கு அந்த யோசனையை எடுத்துக்கொண்டது நாசா. உடம்பை ஒட்டிய வலைத்துணியில் ஏறத்தாழ 90 மீட்டர் நீளத்துக்குக் குழாய்கள் பின்னிச் செல்லும். அவற்றில் ஓடும் தண்ணீர் தோலின் சூட்டை வாங்கிக்கொண்டு முதுகுப்பைக்குப் போகும். சூட்டைக் கொட்டும் வேலை அங்கேதான் நடக்கிறது. நுண்துளைகள் கொண்ட உலோகத் தகட்டின் வழியே தனித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வெற்றிடத்தில் கசிகிறது, கசிந்ததும் உறைகிறது, உறைந்த பனி உருகாமலே ஆவியாகிறது. ஆவியாகும்போது உடலின் சூட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விடுகிறது.

1972 டிசம்பரில் அப்போலோ 17-ன் தளபதியாக நிலவில் இறங்கியவர் அதே செர்னான். மூன்று நடைகளில் மொத்தம் 22 மணி நேரம் கலத்துக்கு வெளியே இருந்தார். பாறைகளைப் பெயர்த்தார், மண்ணைத் துளையிட்டார், வண்டி ஓட்டினார். ஆறே ஆண்டில் இந்த மாற்றம்! சந்திரப் பயணத்தின் கதையில் ராக்கெட்டுக்குக் கிடைக்கும் புகழில் ஒரு பங்காவது இந்த உள்ளாடைக்கும் சேரவேண்டும்.

தண்ணீருக்கென்று ஆபத்தும் உண்டு. 2013 ஜூலையில் இத்தாலிய வீரர் லூக்கா பர்மிட்டானோ சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு வெளியே வேலை செய்துகொண்டிருந்தபோது, குளிரூட்டும் அமைப்பிலிருந்து கசிந்த தண்ணீர் தலைக்கவசத்துக்குள் புகுந்தது. எடையற்ற நிலையில் அது கீழே வடியாமல் முகத்தோடு ஒட்டி, கண்ணையும் மூக்கையும் மூடியது. பாதுகாப்புக் கயிறு இழுக்கும் திசையைப் பிடித்துக்கொண்டு அவர் நுழைவாயிலுக்குத் திரும்பிவந்து உயிர்பிழைத்தார்.

பூமியில் வெற்றிடம் கிடைக்காது. சுற்றியிருக்கும் காற்றில்தான் சூட்டைக் கொட்டியாக வேண்டும், அந்தக் காற்றே சுடும்போதும். இதில் மிகவும் அவதிப்படுபவர்கள் பாதுகாப்பு உடை அணிந்தவர்கள்தாம். நெருப்பை உள்ளே விடாத தீயணைப்பு வீரரின் கனத்த உடை, அவருடைய உடல்சூட்டையும் வெளியே விடுவதில்லை. 2014-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா நோயாளிகளைக் கவனித்தவர்களால், முழுக்க மூடிய உடையில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு மேல் வார்டில் நிற்க முடியவில்லை. கொரோனா காலத்தில் நம் ஊர் செவிலியர்களும் மருத்துவர்களும் பிபிஇ கிட்டுக்குள் வியர்வையில் ஊறியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்போது மும்பைப் பொறியியல் மாணவர் நிஹால் சிங் ஆதர்ஷ், மருத்துவரான தம் தாய் படும் பாட்டைப் பார்த்து, இடுப்பில் பெல்ட்போலக் கட்டிக்கொள்ளும் சிறு கருவியைச் செய்தார். சுற்றியுள்ள காற்றை வடிகட்டி உடைக்குள் தள்ளுவது அதன் வேலை. அது காற்றைக் குளிர்விப்பதில்லை. வியர்வை உலர வழிசெய்கிறது, அவ்வளவுதான். அதுவே பெரிய நிம்மதி.

ஏனென்றால் வியர்வையை மிஞ்சிய குளிர்சாதனம் இல்லை. ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் போய்விடும். ஒரு மணி நேரத்துக்குக் கணக்கிட்டால் 650 வாட்டுக்கும் மேல்; கடும் உழைப்பின் சூட்டுக்கும் அது போதும்.

ஜப்பானில் இச்சிகாயா ஹிரோஷி கண்டுகொண்டது இதைத்தான். சோனி நிறுவனத்தில் பணியாற்றி விலகிய பொறியாளர் அவர். தென்கிழக்கு ஆசிய நகரங்களில் முளைத்துவந்த கட்டடங்களைப் பார்த்து, இவை அனைத்தையும் ஏசியால் குளிர்விக்க உலகில் மின்சாரம் ஏது என்று யோசித்தார். கட்டடத்தைக் குளிர்விப்பதற்குப் பதில் ஆளைக் குளிர்வித்தால் என்ன? முதலில் அவர் செய்த உடையில் தண்ணீரை வைத்தார், கசிந்தது. பிறகுதான், தேவையான தண்ணீரை உடம்பே தருகிறதே என்று பிடிபட்டது. சட்டையின் முதுகுப் பக்கம் இரண்டு சின்ன விசிறிகள், ஒரு பேட்டரி. உள்ளே புகும் காற்று தோலைத் தடவி வியர்வையை உலர்த்திவிட்டுக் கழுத்து வழியாகவும் கை வழியாகவும் வெளியேறும். 2004-ல் இதற்கென்றே நிறுவனம் தொடங்கினார். இன்று ஜப்பானின் கட்டுமானத் தளங்களில் கோடைக்காலத்தில் உப்பிய சட்டைகளை எங்கும் பார்க்கலாம்.

மின்சாரத்தால் நேரடியாகக் குளிர்விக்கும் வழியும் உண்டு. பெல்டியர் தகடு என்ற சிறு வில்லையில் மின்சாரம் பாய்ச்சினால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். ஹைதராபாத்தில் கிராந்தி விஸ்தாகுலா இதை வைத்துக் குளிரும் வெப்பமும் தரும் மேல்சட்டைகளை உருவாக்கினார். சோனியின் ரியான் பாக்கெட், பிடரியில் ஒட்டி நிற்கும் சிறு கருவி. ஆனால் இழுத்த சூட்டோடு தான் தின்ற மின்சாரத்தின் சூட்டையும் சேர்த்தே இந்தத் தகடு வெளியே தள்ளும். உடம்பு முழுவதற்கும் பொருத்தினால் ஒரு லேப்டாப் பேட்டரி அரைமணியில் தீர்ந்துபோகும். அதனால்தான் இத்தகைய கருவிகள் பெரும்பாலும் கழுத்தோடு நின்றுவிடுகின்றன.

பேட்டரியே வேண்டாத வழி, உருகும் பொருள். 1980-களின் இறுதியில் நாசாவின் நிதியுதவியோடு அமெரிக்காவின் டிரையாங்கிள் ஆய்வு நிறுவனம், விண்வெளிக் கையுறைகளுக்காக மெழுகை நுண்ணிய உருண்டைகளில் அடைத்துத் துணியில் சேர்த்தது. ஆக்டாடெக்கேன் என்ற மெழுகு 28 டிகிரியில் உருகும். உருகும்போது கிலோவுக்குச் சுமார் 240 கிலோஜூல் வெப்பத்தை விழுங்கும். குளிர்ந்தால் இறுகி அதைத் திருப்பித் தரும். ஐஸ் இதைவிட அதிகமாக, 334 கிலோஜூல் விழுங்கும். ஆனால் ஐஸின் கடுங்குளிர் பட்டதும் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்வதால், உள்சூடு வெளியே வரத் தயங்குகிறது. 28 டிகிரி மெழுகில் அந்தத் தொல்லை இல்லை.

இனி தூத்துக்குடி உப்பளத்துக்கு வரலாம். தலைக்கு மேல் வெயில், காலடியில் வெயிலைத் திருப்பி அடிக்கும் வெள்ளைப் பாத்திகள், ஒதுங்க நிழல் இல்லை. உப்பு வாரும் பெண்களின் இன்றைய குளிரூட்டும் உடை, தலையில் போட்ட ஈரத்துண்டு. தமிழ்நாட்டு உப்பளங்களில் ஆய்வு செய்த ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தினர், பெரும்பாலோர் பாதுகாப்பான அளவைத் தாண்டிய வெப்பத்தில் உழைப்பதையும், சிலருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருப்பதையும் பதிவுசெய்திருக்கிறார்கள். 2024-ல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. 2025 ஜூனிலிருந்து, தொழிலாளரை வெப்பத்தாக்கிலிருந்து காப்பதை முதலாளிகளின் சட்டக் கடமையாக ஜப்பான் ஆக்கியிருக்கிறது.

விசிறிச் சட்டையை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. உப்புக்காற்று மோட்டாரை அரித்துவிடும். ஈரப்பதம் மிகுந்த நாளில் எவ்வளவு காற்றடித்தாலும் வியர்வை சரியாக உலராது. மெழுகு உடுப்புதான் முயன்று பார்க்கத் தகுந்தது. 2 கிலோ மெழுகு ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 130 வாட் வெப்பத்தை வாங்கும். உடலுழைப்பின் சூட்டில் மூன்றில் ஒரு பங்கையாவது அது இறக்கிவைக்கும். வெளியே வெள்ளைத் துணியும், வெயில் மெழுகைத் தொடாதபடி நடுவில் ஒரு தடுப்பும் வேண்டும். உருகிய மெழுகு வில்லைகளை ஐஸ் தண்ணீரில் போட்டால் மறுபடி இறுகிவிடும். தூத்துக்குடியில் மீன்பிடித் துறைமுகத்துக்காக ஐஸ் ஆலைகள் ஏற்கெனவே ஓடுகின்றன. ஒருவருக்கு இரண்டு செட் வில்லை, தளத்தில் ஒரு ஐஸ் பெட்டி, மணிக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ள நிழலில் பத்து நிமிடம். இதற்கான செலவைத் தினக்கூலியிலிருந்து பிடிக்காமல், உப்பள முதலாளிகளும் அரசும் பகிர்ந்துகொள்ளும்படி அடுத்த கோடைக்குள் ஒரு பரிசோதனையாவது தொடங்கலாம்.