பித்தளையும் பாற்கண்ணாடியும்: இத்தாலியரின் கூரைவிளக்கு

மேனோக்கி எழுதல் சுடரின் இயல்பு. ஆதலால் எண்ணெயும் மெழுகுதிரியும் எரிந்த காலத்தில், கூரையிலே தொங்கிய விளக்குகளும் சுடரை நிமிர்த்தியே ஏந்தின. மின்குமிழுக்கோ இக்கட்டுப்பாடு இல்லை. அது எத்திசை நோக்கியும் ஒளிரும். எனினும், மின்சாரம் வந்த பின்னரும் விளக்குச் செய்வோர் பலர் பழைய வடிவத்தை விட்டாரல்லர். மெழுகுதிரி போன்ற பொய்த்தண்டுகளின் மீதே குமிழ்களைப் பொருத்தினர். இப்பொய்த்தோற்றத்தை நீக்கியோருள் இத்தாலியருக்குச் சிறப்பிடம் உண்டு.

இரண்டாம் உலகப் போரிற் குண்டுவீச்சினாற் சிதைந்த மிலான் நகரம் மீண்டும் எழுந்தபோது, புதிய வீடுகளுக்குப் புதிய விளக்குகள் வேண்டப்பட்டன. ஜீனோ சர்பாத்தி 1939இல் நிறுவிய ஆர்த்தெலூச்சே, 1946இல் தோன்றிய ஸ்தில்நோவோ ஆகிய மிலான் நிறுவனங்கள் அத்தேவையை நிறைவேற்ற முற்பட்டன. அக்கால விளக்குகள் பலவற்றில் பித்தளையும் கண்ணாடியும் இணைந்து நிற்பதைக் காணலாம்.

இவ்விணைப்பு வெறும் அழகுக்காக அமைந்ததன்று. செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை, இரும்பைப் போலத் துருப்பிடியாது. மெல்லிய குழாயாக நீளும், வளையும், கடைசலுக்கும் இசையும். குமிழைத் தாங்கும் குழாயே மின்கம்பிக்கு வழியுமாகும். கண்ணாடியின் தொழில் வேறு. குமிழின் இழை கண்ணைக் கூசச் செய்வது. பாற்கண்ணாடியிற் செறிந்துள்ள நுண்டுகள்கள் அவ்வொளியைப் பல திசைகளிலும் சிதறச்செய்ய, கண்ணாடியின் பரப்பு முழுவதுமே மென்மையாக ஒளிர்கின்றது. இக்கண்ணாடி இத்தாலியருக்குப் புதியதன்று. தீவிபத்துக்கு அஞ்சி வெனிஸ் குடியரசு 1291இல் கண்ணாடி உலைகளை முரானோத் தீவுக்கு அனுப்பியது. சீனப் பீங்கானை ஒத்த பாற்கண்ணாடியைப் பதினைந்தாம் நூற்றாண்டிலேயே வெனிஸ் கைவினைஞர் ஆக்கினர். பீங்கானைப் போலத் தோன்றப் பிறந்த பொருள், மின்னொளியைத் தணிக்கும் புதுத்தொழிலைப் பெற்றது.

சர்பாத்தி 1958இல் அமைத்த 2097 என்னும் விளக்கிற் கண்ணாடிக் கூடுமில்லை. நடுத்தண்டிலிருந்து பித்தளைக் கைகள் பரவ, 30 குமிழ்கள் ஒளிர்கின்றன. படிகச் சரங்கள் தொங்கவேண்டிய இடத்தில் மின்கம்பிகளே வெளிப்படையாக வளைந்து தொங்குகின்றன. பழைய கொத்துவிளக்கின் சாயல் அதில் உண்டு, பொய்த்தண்டு இல்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2009 முதல் இழைக்குமிழ்களைப் படிப்படியாக விலக்கியது. இன்று அப்பழைய விளக்குகளில், இழைக்குமிழின் உருவத்தைப் போர்த்த எல்.ஈ.டி. குமிழ்கள் பொருத்தப்படுகின்றன. முன்னர் மெழுகுதிரியாக நடித்த மின்குமிழையே இப்பொழுது வேறொன்று நடித்துக் காட்டுகின்றது. புதிய ஒளிக்குரிய வடிவம் யாது என்று மிலான் நகரத்தார் எழுப்பிய வினா மீண்டும் விடை வேண்டி நிற்கின்றது.