பிளம் மழையில் ஒரு பள்ள நகரம்

டோக்கியோவின் கிழக்குப் பகுதிக்கு மழை பகையும்தான், சேமிப்பும்தான். நண்பர் ஒருவருடன் நனைந்துகொண்டே பார்த்த காட்சிகள்.

நிஷிகசாய் ரயில் நிலைய வாசலில் நண்பர் இரண்டு குடைகளுடன் நின்றிருந்தார். சில நூறு யென்னுக்கு எந்தக் கடையிலும் கிடைக்கும் கண்ணாடி நிற பிளாஸ்டிக் குடைகள். "தொலைத்தாலும் வருத்தம் வராது" என்றார்.

ஜூன் மாதத்துச் சனிக்கிழமை. இந்தப் பருவத்தில் நாள் கணக்கில் தூறும் மழையை ஜப்பானியர் 'பிளம்', 'மழை' என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதுகிறார்கள். பிளம் காய்கள் பழுக்கும் சமயம். மாஞ்சாரல் என்று சொல்லிப் பழகிய நமக்கு விளக்கம் தேவையில்லை.

நண்பர் கல்லூரி விடுதியில் என் அறைத் தோழர். மென்பொருள் பொறியாளர். டோக்கியோவில் இந்தியர்கள் அதிகம் வசிக்கும் நிஷிகசாயில் 2016 முதல் குடும்பத்துடன் இருக்கிறார். இப்போது அங்கேயே வீடு வாங்க யோசனை. வங்கி கடன் தரத் தயார், மனைவிக்கும் சம்மதம். தயக்கம் இவருக்குத்தான். 2015 டிசம்பரில் சென்னை முடிச்சூரில் இவருடைய பெற்றோர் வீட்டில் அடையாற்று வெள்ளம் புகுந்தது. இரண்டு நாள் மொட்டை மாடியில் கிடந்தார்கள். "அப்பாவின் புத்தகம் ஒன்றுகூட மிஞ்சவில்லை" என்கிறார்.

ரயில் அரகாவா ஆற்றுப் பாலத்தில் ஓடியது. மழையில் சாம்பல் நிறமாகப் பரந்து கிடந்த அந்த ஆற்றின் கீழ்ப்பகுதி மனிதர்கள் வெட்டியது. 1910 பெருவெள்ளத்துக்குப் பிறகு, சுமிதா ஆற்றின் சுமையைக் குறைக்கத் தோண்டத் தொடங்கி 1930இல் முடித்த சுமார் 22 கி.மீ. வெள்ள வடிகால் அது. ஆபத்து அதோடு தீரவில்லை. தொழிற்சாலைகள் நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச, கிழக்கு டோக்கியோவில் நிலமே தாழ்ந்தது. சில இடங்களில் 4 மீட்டருக்கும் மேல். நிஷிகசாய் அடங்கிய எடோகவா வார்டில் ஏறத்தாழ 70 சதவீத நிலம் கடலின் உயர் அலை மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. கரைகளும் பம்புகளும்தான் காவல்.

2019 மே மாதம் வார்டு நிர்வாகம் வீடுதோறும் ஒரு வெள்ள அபாய வரைபடம் கொடுத்தது. பெருவெள்ளம் வந்தால் இரண்டு வாரத்துக்கு மேலும் நீர் வடியாமல் போகலாம், இங்கே இருக்காதீர்கள், வார்டை விட்டே வெளியேறுங்கள் என்று ஒளிவுமறைவில்லாமல் அதில் சொல்லியிருந்தார்கள். ஐந்தே மாதத்தில், அக்டோபர் 12 அன்று, ஹகிபிஸ் புயல் வந்தது. நண்பர் குடும்பம் ஒரு பள்ளிக்கூடத்தில் இரவைக் கழித்தது. அரகாவா கரை தாங்கியது.

"இருக்காதே என்று அரசாங்கமே எழுதிக்கொடுக்கும் இடத்தில் எப்படிடா வீடு வாங்குவது?"

"முடிச்சூரில் யாரும் எழுதிக்கொடுக்கவில்லையே" என்றேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

ரயில் மாறி, சுமிதா வார்டிலுள்ள ரியோகோகுவில் இறங்கினோம். எதிரே சுமோ மல்யுத்த அரங்கம். 1985இல் திறக்கப்பட்ட இதன் 8,400 சதுர மீட்டர் கூரையில் விழும் மழை, அடித்தளத்தில் 1,000 கன மீட்டர், அதாவது 10 லட்சம் லிட்டர் கொள்ளும் தொட்டிக்குப் போகிறது. கழிப்பறைகளுக்கு அந்த நீர்தான். 1980களின் தொடக்கத்தில் பெருமழை பெய்தால் இங்கே சாக்கடைகள் எதிர்த்துப் பொங்கும். தொலைதூர அணைகளிலிருந்து தண்ணீரைக் கொண்டுவந்துவிட்டு, தலையில் விழும் தண்ணீரைச் சாக்கடைக்கு அனுப்புவானேன் என்று கேட்டவர்களில் முக்கியமானவர் மகோதோ முராசே, வார்டின் சுகாதாரப் பிரிவு ஊழியர். வார்டின் கோரிக்கையை சுமோ சங்கம் ஏற்றது. மழைநீர்ப் பயன்பாடு குறித்த சர்வதேச மாநாடும் 1994இல் இந்த வார்டில்தான் நடந்தது.

ஆற்றங்கரை வழியே வடக்கே நடந்தோம். தலைக்கு மேலே செல்லும் விரைவுச் சாலையே பாதி தூரத்துக்குக் கூரை. 634 மீட்டர் உயர ஸ்கைட்ரீ கோபுரத்தின் தலை மேகத்துக்குள் மறைந்திருந்தது. முகோஜிமாவில் மர வீடுகள் நெருக்கியடிக்கும் சந்துகளில் ஆங்காங்கே கைப்பம்புகள். பக்கத்து வீட்டுக் கூரைத் தண்ணீர் நிலத்தடித் தொட்டியில் சேர்கிறது. நிலநடுக்கத்தில் குழாய்கள் உடைந்தால் தீயணைக்க உதவும். மற்ற நாளில் செடிகளுக்கு.

கொட்டும் மழையில் ஒரு மூதாட்டி பம்பை அடித்துக்கொண்டிருந்தார். சாரல் எட்டாத தாழ்வாரத்துத் தொட்டிச் செடிகளுக்காம். நண்பர் பேச்சுக் கொடுத்தார். பதிலை எனக்குத் தமிழில் சொன்னார்: "தொட்டி காலியாக இருந்தால்தானே அடுத்த மழைக்கு இடம் இருக்கும் என்கிறார்."

சிறிது தூரம் பேசாமல் நடந்தோம். தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003இல் கட்டாயமாக்கப்பட்டது. "எங்கள் வீட்டிலும் குழாய் பதித்தோம்" என்றார் நண்பர். "குழி தூர்ந்து கிடந்ததை வெள்ளம் வடிந்த பிறகுதான் பார்த்தோம்."

இருட்டும்போது வீடு திரும்பினோம். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அந்த அபாய வரைபடம். மேற்கே மேட்டுப்பகுதியில் இருக்கும் உறவினர் வீட்டின் தொலைபேசி எண்ணை அதன் ஓரத்தில் மகள் சிவப்பு மையில் எழுதியிருந்தாள். வீடு வாங்கும் விஷயம் அன்றும் முடிவாகவில்லை. நண்பர் முடிச்சூருக்குப் போன் போட்டார். குழியைத் தூர்வாரியாகிவிட்டதா என்று அப்பாவிடம் கேட்டார்.

"மழைக்குத்தான் இன்னும் நாலு மாதம் இருக்கே" என்றாராம் அப்பா.