ஆப்டேர்

ஆப்டேர் என்பது இங்கிலாந்தின் லீட்சு நகரில் 1985 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பேருந்து உற்பத்தி நிறுவனம் ஆகும். இது 2020 இல் சுவிட்ச் மொபிலிட்டி எனப் பெயர் மாற்றம் பெற்றது.

லேலண்ட் நிறுவனம் தனக்குரிய ரோ பேருந்துக் கூடு கட்டும் ஆலையை 1984 இல் மூடியது. முன்னாள் ஊழியர் பலரின் முயற்சியால் அதே ஆலையில் ஆப்டேர் உருவானது. தாழ்தளச் சிறு பேருந்தான 'சோலோ' இதன் புகழ்பெற்ற வடிவமைப்பு.

லேலண்டின் கூட்டுறவால் 1955 இல் பெயர்பெற்ற சென்னையின் அசோக் லேலண்ட், 2010 இல் ஆப்டேரின் 26 விழுக்காட்டுப் பங்குகளை வாங்கி, 2012 இல் 75.1 விழுக்காடாக உயர்த்தியது. (உத்தமபாளையம் வழியே செல்லும் அரசுப் பேருந்துகளில் பலவும் அசோக் லேலண்ட் தயாரிப்புகளே.) தாய் நிறுவனம் கைவிட்ட ஆலையின் வழித்தோன்றல் இவ்வாறு சேய் நிறுவனத்திடம் வந்தது எனலாம்.

லீட்சிலிருந்து 2011 இல் செர்பர்னுக்கு மாறிய ஆலையில் உற்பத்தியை நிறுத்தும் திட்டம் 2025 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு சூனில் சுவிட்ச் மின்பேருந்துகள் சென்னை மாநகரச் சேவைக்கு வந்தன.